கண்ணாடி அலமாரிக்கு இரண்டு சாவி

திரையில் ஆரோக்கியராஜ் நடந்து வந்தார். நூலகத்தின் வடக்கு நடைபாதை, மதியச் சாப்பாட்டு நேரம், வேறு ஆள் நடமாட்டம் இல்லை. இடது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தது. வலது கை மட்டும் விலாவோடு ஒட்டி, முழங்கை லேசாக மடிந்து, அசையாமல் இருந்தது. நான் படத்தை நிறுத்தினேன். பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டினேன்.

"மாட்டினீங்களா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

சட்டைக்குள் ஒரு புத்தகத்தை வைத்து, அது நழுவாமல் இடுக்கிக்கொண்டு போகிறவனின் கை அப்படித்தான் இருக்கும். மாணவர்களில் எத்தனையோ பேரை அந்தக் கையை வைத்தே வாசலில் மடக்கியிருக்கிறேன்.

சொன்ன மறுகணமே கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆரோக்கியராஜ் என்னுடைய துணை நூலகர். பல வருடங்களாக எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஈஸ்டருக்கு அவர் வீட்டிலிருந்து பிரியாணி வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒப்பிட்டு என்கிற போளி போகும். ஆனாலும் என்ன செய்வது? சந்தேகம் எனக்கு எப்போதும் முந்திக்கொண்டுதான் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வரும்.

ஆரோக்கியராஜ் என்பது அவருடைய நிஜப் பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும். பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. கோயம்புத்தூரிலிருந்து வெளியே போகிற எந்தச் சாலையைப் பிடித்தாலும் வழியில் ஒன்று வரும். அதில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டிப் பார்க்கிற குடும்பம்

என் சந்தேகம் அப்பாவிடமிருந்து வந்த சொத்து. கோயம்புத்தூர் கணபதியில் அவருக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. ஃபவுண்டரியிலிருந்து வரும் இரும்பு வார்ப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் கெட்டுப்போயிருக்கும். அந்த வார்ப்பு வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

அது தொழிலுக்கு வேண்டிய புத்தி. அப்பா அதை வீட்டுக்கும் கொண்டு வந்தார். இளநீர், பானை, பால்காரன் சொல்லும் கணக்கு, எங்கள் பரீட்சை மார்க், எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டாமல் விடமாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டு, வந்தவரே எழுந்து போயிருப்பார். அம்மாதான் பஜ்ஜித் தட்டை நடுவில் நீட்டிக் காப்பாற்றினாள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் நூலகர் வேலைக்கு வந்தது பொருத்தம்தான். வாசலில் 'வாசகர்களை வரவேற்கிறோம்' என்று எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே 'பைகளை வெளியே வைக்கவும்' என்று பலகை மாட்டுகிறவர்கள் நாங்கள். ஒவ்வொரு நூலகத்துக்கும் ரகசியப் பக்கம் என்று ஒன்று உண்டு. எல்லாப் புத்தகத்திலும் குறிப்பிட்ட அதே பக்கத்தில் ஒரு முத்திரை குத்திவைப்போம். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு யாராவது கொண்டுபோய் விற்றாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து எங்கள் புத்தகம் என்று நிரூபித்துவிடலாம். எங்கள் ரகசியப் பக்கம் எது என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஓய்வு பெற்றுவிட்டாலும் அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை.

மூன்று மணி விளையாட்டு

எனக்கும் ஆரோக்கியராஜுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எடுத்தவர் பெயரும் புத்தகத்தின் தலைப்பும் எங்கள் இருவர் மேசைத் திரையிலும் வந்துவிடும். மூன்று மணித் தேநீருக்கு உட்காரும்போது அதைப் பார்த்து ஊகிப்போம்.

வணிகவியல் பேராசிரியர் கட்டடக் கலைப் புத்தகம் எடுத்தால் வீடு கட்ட சைட் வாங்கிவிட்டார் என்று அர்த்தம். விடுதிக் காப்பாளர் சர்க்கரை நோய் உணவுமுறை எடுத்தால் ரிப்போர்ட் வந்துவிட்டது. இளம் விரிவுரையாளர் ஒருவர் வேலைத் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போன அன்றே, "இவரு போகப் போறாருங்க மேடம்" என்றார் ஆரோக்கியராஜ். அடுத்த பருவத்தில் அவர் இல்லை. இந்த விளையாட்டில் என்னைவிட அவருக்குக் கூர்மை அதிகம்.

தேநீர் கொண்டு வருகிறவர் தனக்கா. தனலட்சுமி என்கிற பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தேநீர் ஊற்றுகிற நேரத்துக்குள் எங்கள் ஊகத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார். சாயங்காலத்துக்குள் அது ஊகமாக இருக்காது, உறுதியான செய்தியாகிவிடும். வணிகவியல் பேராசிரியரிடம் கிரகப்பிரவேசம் எப்போது என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசித்ததில்லை.

அசைவுக்கு ஒரு அலமாரி

அந்த வருடம் நிர்வாகம் ஒரு புதிய துறையைத் தொடங்கியது. மனித உடல் எப்படி அசைகிறது என்பதைப் படிக்கிற துறை. பிசியோதெரபி, உடற்கல்வி, ஆட்டம், வேலை செய்கிற உடம்பு எல்லாம் அதற்குள் வரும். அங்கீகாரம் தர ஆய்வுக்குழு வரப்போகிறது, அதற்குள் அந்தத் துறைக்கென்று தனியாக ஒரு நூல் தொகுப்பு வேண்டும் என்றார்கள். எங்களிடம் அப்போது இருந்தது ஒரு பழைய உடற்கூறு வரைபடப் புத்தகமும் கபடி விதிகளும் கொஞ்சம் யோகாசனமும்தான்.

துறைப் பொறுப்பாளராக வந்தவர் கல்பனா. காங்கேயம் பக்கம், எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பம், பிசியோதெரபி படித்தவர். என்னைவிட இருபது வயதாவது இளையவர். முதல் நாளே தனக்கு வேண்டியதைச் சொன்னார். நடையைப் பற்றிய நூல்கள், விழுவதைப் பற்றியவை, நரம்புத் தளர்ச்சி பற்றியவை, விளையாட்டுக் காயங்கள் பற்றியவை. அதுவரை சரி. அதற்கு மேல், மில்லில் தேங்காய் மூட்டை தூக்குகிறவர்களின் வீடியோ, கடலைக்காய் பறிக்கிற பெண்களின் வீடியோ, வள்ளி கும்மி ஆடுகிறவர்களின் கால்களை மட்டும் எடுத்த வீடியோ.

"மூட்டை தூக்கறதையும் கும்மி அடிக்கறதையும் லைப்ரரியில வெச்சு என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"எலும்பு எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க மேடம். அதை வெச்சு நம்மூர்ல எப்பிடி ஒக்காறாங்க, எப்பிடிக் குனியறாங்கன்னு வெளிநாட்டுப் புத்தகத்துல இருக்காதுங்க. நம்ம பொம்பளைங்க குத்த வெச்சு ஒக்காந்து பாத்திரம் கழுவறாப்பல ஒரே ஒரு படம் அதுல காட்டுங்க பாக்கலாம். நாளைக்கு முட்டி வலின்னு வாரவங்க அவங்கதானுங்களே."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை. காங்கேயத்தில் இவருக்கு வீடியோ எடுக்கிற மாமன் யாரோ இருக்கவேண்டும், அவருக்கு ஆர்டர் பிடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். விசாரித்தும் பார்த்தேன். மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் போனில் தானே எடுத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

புத்தகக் கம்பெனிக்காரர்களை நான் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. பழைய பதிப்புக்குப் புது மேலட்டை போட்டு அனுப்பியிருந்தார்கள். மேலட்டையைக் கழற்றிப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். தாராபுரத்தில் காலமான ஒரு உடற்கல்வி ஆசிரியரின் வீட்டார் அவருடைய புத்தகங்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னபோது, அவர் பெயரில் பலகை கேட்பார்களோ, பேரனுக்கு சீட்டுக் கேட்பார்களோ என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். பீரோ காலியானால் போதும், துணி வைக்க இடமில்லை என்றார் அவருடைய மருமகள். கதவைத் திறந்ததும் துணிக்குப் போடும் ரசகற்பூர உருண்டையும் வலித் தைலமும் கலந்த வாசம் அடித்தது. அந்தப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்த வாசம் இருக்கிறது.

இப்படித் தொகுப்பு சேர்ந்தது. விலை அதிகமான, வண்ணப் படங்கள் நிறைந்த வெளிநாட்டு நூல்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். ஆய்வுக்குழு வந்து போகும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இது வழக்கம். புத்தகம் கடை வாசனை மாறாமல் இருந்தால்தான் ஆய்வுக்கு அழகு என்று எல்லோரும் நினைத்தோம்.

"படிக்கறதுக்கு வாங்கிப்போட்டுப் பூட்டி வெச்சா எப்பிடிங்க?" என்று கல்பனா வாரம் ஒரு தடவை வந்து கேட்பார்.

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டுங்க" என்பேன்.

அந்த அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என் கைப்பையில் இருந்தது. இன்னொன்று ஆரோக்கியராஜிடம்.

எறும்புக்கு எழுதிய எழுத்து

புத்தக முதுகில் ஒட்டும் எண் சீட்டை எங்கள் நூலகத்தில் ஆரோக்கியராஜ் கையால்தான் எழுதுவார். அச்செடுக்க இயந்திரம் இருந்தும், அவர் எழுத்தின் அழகுக்காக விட்டுவைத்திருந்தேன். புதிய தொகுப்புக்கு எழுத ஆரம்பித்தபோது எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. சீட்டின் ஆரம்பத்தில் ஓரளவு இருக்கும், முடிவதற்குள் பொடியாகிவிடும்.

"எறும்பு படிக்கறதுக்கா எழுதறீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த சீட்டு இன்னும் சிறியதாக வந்தது. கூடுதல் வேலை கொடுத்ததற்குக் கடுப்பு, அதைக் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

மூன்று மணித் தேநீரும் மாறியிருந்தது. தனக்கா வைத்துவிட்டுப் போகும் டம்ளரை அவர் தொடமாட்டார். நான் ஏதாவது வேலையாக எழுந்து போய்த் திரும்பினால் டம்ளர் காலியாகியிருக்கும். என்னோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடிக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். விளையாட்டிலும் முன்போல் கலந்துகொள்வதில்லை. எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டத்தைச் சொல்லாமல் முறைப்பாக இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அலமாரியில் ஒரு இடைவெளியைப் பார்த்தேன். பல் விழுந்த இடம் போலத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புத்தகம் இருந்தது. பிறகு வேறொன்று போனது, அதுவும் திரும்பி வந்தது. எடுத்ததாக எந்தப் பதிவும் இல்லை. அலமாரிக் கதவின் இடுக்கில் என் தலைமுடி ஒன்றை வைத்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், அது வேலை செய்தது. மறுநாள் முடி கீழே கிடந்தது.

முதலில் கல்பனாவைத்தான் சந்தேகப்பட்டேன், மாற்றுச்சாவி செய்துவிட்டாரோ என்று. அப்புறம் ஒரு நாள் ஆரோக்கியராஜைப் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து, சுருள் கம்பி போட்டு மாணவர்களுக்கு விற்கிற கடை. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு எனக்கு வேறு யாரையும் சந்தேகப்படத் தேவையிருக்கவில்லை.

கடைசியாகப் போன புத்தகம் திரும்பி வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு முந்தைய கணக்கெடுப்பு வந்தது. பதிவாளர் என் அறைக்கே வந்து உட்கார்ந்தார். சத்தம் போட்டுப் பேசாதவர். அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"சாவி ரெண்டு பேருகிட்டத்தானுங்களே இருக்குது மேடம்?"

"ஆமாங்க."

"திங்கக்கிழமை எனக்கு ஒரு பேரு வேணுமுங்க. ஆரோக்கியராஜோட எக்ஸ்டென்ஷன் ஃபைலும் எம் மேசை மேலதான் இருக்குது. ரெண்டையும் ஒண்ணாப் பாத்துக்கலாம்."

எங்களிடம் ஐம்பத்தெட்டு வயது முடிந்தால் வருடா வருடம் நீட்டிப்பு வாங்கவேண்டும். ஆரோக்கியராஜுக்கு அது முதல் நீட்டிப்பு. மகள் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஃபைல் அத்தோடு மூடப்படும், திருடன் என்கிற பட்டத்தோடு வீட்டுக்குப் போவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கேமரா பதிவைப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

அதே படம்

விலாவோடு ஒட்டிய அந்தக் கையை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கல்பனா உள்ளே வந்தார். அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்க வந்தவர். நான் திரையை மறைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், இது நம்ம ஆரோக்கியராஜ் சாருங்களா?"

"ஆமாங்க."

"எத்தனை நாளாங்க இப்பிடி?"

இவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். "அதைத்தான் பாத்துட்டிருக்கறேன். கைக்குள்ள என்ன வெச்சிருக்காருன்னு தெரிய மாட்டேங்குது."

கல்பனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கைக்குள்ள ஒண்ணுமில்லீங்களே மேடம். காலையில அவரு உள்ள வர்றாப்பல இருக்குதுங்களா? அதைப் போடுங்க."

போட்டேன். காலையில் வெறும் கையோடு வாசலில் நுழைகிறார். இடது கை வீசுகிறது, வலது கை வீசவில்லை. அதே மாதிரி விலாவோடு ஒட்டிக்கொண்டு, அதே மடிப்போடு.

"புத்தகத்தை ஒளிச்சுட்டுப் போறவரு வாரப்பவுமா ஒளிப்பாரு?" என்றார் கல்பனா. "இப்ப மறுபடி அந்த மத்தியானப் படத்தைப் போட்டு அவரு திரும்பறதைப் பாருங்க. நாமன்னா ஒரு காலை ஊனிப் பொசுக்குனு திரும்பிருவம். அவரு பாருங்க, சின்னச் சின்னதா அடி வெச்சுச் சுத்தி வாராரு. காலும் தரையில தேயுது."

நான் பார்த்தேன். அத்தனை தடவை ஓட்டிப் பார்த்த படம்தான். அவர் கால்களை அப்போதுதான் பார்த்தேன்.

"நேர்ல சோதிக்காம நான் எதுவுஞ் சொல்லக் கூடாதுங்க. நரம்பு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிப்போடச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அவரு கையெழுத்து சமீபத்துல சின்னதாயிருக்குதுங்களா?"

என் மேசைமேல் ஒட்டுவதற்கு வந்திருந்த எண் சீட்டுகள் கிடந்தன. அவற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

கல்பனா போன பிறகு, போய் வந்த புத்தகங்களின் பெயர்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். விளையாட்டுக் காயம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நடையைப் பற்றியும் நடுக்கத்தைப் பற்றியும் தடுமாறி விழாமல் இருப்பதைப் பற்றியும். இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு மூலையில் என் புத்தி கேட்டது: உடம்பு சரியில்லாதவர் ஜெராக்ஸ் கடைக்காரனோடு கூட்டுச் சேரமாட்டாரா? என்னை நானே எங்கே கொண்டு போய்த் தட்டிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

அடுக்குகளுக்குப் பின்னால்

பழைய சஞ்சிகைகள் வைக்கிற பின்னறையில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கை சட்டைப் பையில் இருந்தது.

"அந்தப் புத்தகம் உங்க ஊட்டுலயா இருக்குது?" என்று கேட்டேன்.

மறுக்கவில்லை. "திங்கக்கிழமை வெச்சுப்போடறேனுங்க மேடம்."

"ஏன் எடுத்தீங்கன்னு கேக்கலைங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, உங்க பேருல போட்டு எடுத்திருக்கலாமில்ல? நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

மெதுவாகச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் டாக்டரைப் பார்த்ததாக, பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய் என்று உறுதியாகிவிட்டதாக. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும், மகளுக்குத் தெரியாது.

"டாக்டரு மாத்திரை குடுத்தாருங்க. வெளிய அத்தனை கூட்டம், அவருகிட்ட எவ்வளவு கேக்க முடியும்? போன்ல தேடுனா கடைசிக் கட்டத்தைத்தானுங்க முதல்ல காட்டுது. பாத்துப்போட்டு ரெண்டு நாள் சோறு எறங்கலை. நம்ம புத்தகத்துல மொதல்ல இருந்து வரிசையா இருக்குது. எப்பிடித் திரும்பறது, எப்பிடி எந்திரிக்கறது, கையை வேணும்னே எப்பிடி வீசறதுன்னு படம் போட்டிருக்கறாங்க. அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்து பீரோக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டி வெச்சிருக்கறேன். சாமி படத்துக்குப் பக்கத்துல."

"அதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"உங்ககிட்டங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. "எம் பேருல போட்டா உங்க திரையில வருமுங்களே மேடம். மூணு மணிக்கு நீங்க சொல்லுவீங்க. நாலு மணிக்குத் தனக்கா சொல்லும். அஞ்சு மணிக்கு ரிஜிஸ்ட்ரார் ஃபைலை மூடிப்போடுவாரு. நானும் நீங்களும் சேந்து ஆடுன ஆட்டந்தானுங்களே. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலப் பழக்கத்துக்குப் பிறகு என்னை இப்படி நினைக்கலாமா என்று. அவர் நினைத்தது முழுக்கச் சரி என்பது அதற்குப் பின்னாலேயே வந்தது. கண்ணில் நீர் கட்டியது. சஞ்சிகைத் தூசி என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் நம்பியிருக்கமாட்டார்.

திங்கட்கிழமை

காலையில் ஆரோக்கியராஜ் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு நேராக வழங்கும் மேசைக்குப் போனேன். என் அட்டையை நீட்டி, என் பெயரிலேயே பதியச் சொன்னேன். நடுக்கமும் நடையும் பற்றிய அந்த நீண்ட தலைப்பு என் பெயருக்கு எதிரே திரையில் வந்தது. மேசையில் இருந்த பெண் தலைப்பைப் படித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

பதிவாளர் அறைக்குப் போனேன்.

"பேரு?" என்றார்.

"எம் பேரையே எழுதிக்குங்க. புத்தகம் எங்கிட்டத்தான் இருந்தது. பதியாம எடுத்தது தப்பு. இப்பப் பதிஞ்சாச்சு."

"உங்ககிட்டயாங்க?" அவர் புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். நான் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் செய்தேன்.

"உடம்புக்கு... நல்லாத்தானுங்களே இருக்கறீங்க மேடம்?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுக்கு இன்னும் வருடங்கள் இருந்தன, என் ஃபைல் அவர் மேசையில் இல்லை. அவரால் என்னை அவ்வளவு சுலபத்தில் அனுப்ப முடியாது. ஆரோக்கியராஜின் நீட்டிப்பில் அந்த வாரமே கையெழுத்தானது.

ஆய்வுக்குழுவும் வந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரிக்க முடியாமல், "இதையெல்லாம் யாருமே தொடலையா?" என்று கேட்டார். கல்பனா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு புத்தகம் மட்டும் எடுத்ததும் தானாக ஒரு பக்கத்தில் விரிந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும் படம் இருந்த பக்கம். ஓரம் மடிந்து கொஞ்சம் அழுக்காகியிருந்தது. "இதையாவது யாரோ படிச்சிருக்காங்க" என்றார் அவர். தொகுப்புக்கு அவர் எழுதிய நல்ல வார்த்தை அதற்காகத்தான். அன்று சாயங்காலமே பூட்டைக் கழற்றிவிட்டேன். இரண்டு சாவியும் இப்போது எங்கே என்று தெரியாது.

ஆரோக்கியராஜ் நீட்டிப்புகளை முடித்து ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் மைதானத்தில் நடக்கிறார், கையை வேண்டுமென்றே வீசிக்கொண்டு. இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினேன். "பேரை மட்டும் மாத்திப்போடுங்க. தனக்கா இந்தப் பத்திரிகை வாங்குது" என்றார்.

அரை டம்ளர்

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். பதிவாளர் அறையிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. நடைபாதையில் எதிரே வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். வணிகவியல் பேராசிரியர் என் கையைப் பார்த்துவிட்டு, அதைப் பார்க்காததுபோல ஜன்னலைப் பார்த்தார். அத்தனை பேர் பார்க்கும்போது எப்படி நடப்பது என்றே மறந்துபோகிறது. என் வலது கை வீசுகிறதா என்று நானே குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தனக்கா வந்தார். ஆரோக்கியராஜுக்கு வழக்கம்போல விளிம்புவரை ஊற்றிய டம்ளரை வைத்தார். எனக்கு வைத்ததில் பாதிதான் இருந்தது.

"என்னங்க தனக்கா இது?"

"இனிமே உங்களுக்கு அரை டம்ளர் போதுமுங்க மேடம். நெறைய ஊத்துனா சிந்திக் கையைச் சுட்டுப்போடும்" என்றார். குரலில் அத்தனை பரிவு. சேலைத் தலைப்பால் மேசையை ஒரு துடை துடைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் ஆரோக்கியராஜ் கொஞ்ச நேரம் அந்த இரண்டு டம்ளர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். அது நடுங்கியது. என் முன்னால் அந்த நடுக்கத்தை அவர் மறைக்காதது அதுவே முதல் தடவை. நிறைந்த டம்ளரை இடது கையால் என் பக்கம் தள்ளினார். அரை டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, என் எதிரிலேயே குடித்தார்.